மெழுகின் மேல் வளர்ந்த தங்கம்

தங்கம் உருக 1064 டிகிரி வெப்பம் வேண்டும். வெள்ளிக்கு 962. செம்புக்கு 1085. தேன்மெழுகோ 62, 64 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தாலே குழைந்து போகும். மெழுகுப் பொம்மை ஒன்றை ஆசாரியிடம் கொடுத்து, "இதன் மேலேயே தங்கத்தை ஏற்றிக் கொடுங்கள், மெழுகு உருகக் கூடாது, அதில் உள்ள கைரேகைகூட அப்படியே தங்கத்தில் வர வேண்டும்" என்று சொன்னால் அவர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். ஆனால் முடியும். முடிந்து 180 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மெழுகும் உலோகமும் என்றதும் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சுவாமிமலை ஸ்தபதிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, சூடு காட்டி மெழுகை ஓட விட்டு, காலியான இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகு வீட்டைக் காலி செய்த பிறகுதான் உலோகம் குடிவரும். நான் எழுதப் போகும் சரித்திரத்தில் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே தொட்டியில், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. இங்கே உலோகத்தை ஊற்றுவதில்லை. அது அணு அணுவாக வளர்கிறது. எலெக்ட்ரோஃபார்மிங் என்பார்கள், மின்வார்ப்பு என்று வைத்துக்கொள்வோம்.

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ், கல்ச்சுரல்ஸ், அரியர் பற்றியெல்லாம் எழுத நம்மிடையே ஆட்கள் ஏராளம் என்பதால், நான் பிழைப்பு நடத்தும் முலாம் தொழிலின் முன்கதையை எடுத்துக்கொண்டேன். இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஃபாரடே விதியை வைவாவுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்தவர்கள் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கஷ்டப்படுவீர்கள். பரவாயில்லை, படியுங்கள்.

ஆரம்பம் ஒரு கீறலில் இருக்கிறது. 1836இல் டேனியல் தன் மின்கலத்தைக் கண்டுபிடிக்கிறார். மயில்துத்தக் கரைசலில் ஒரு செம்புத் தகடு. அதன் மேல் கலம் வேலை செய்யச் செய்யப் புதுச் செம்பு படியும். அதே வருஷம் வாரன் டி லா ரூ என்ற இளைஞர், படிந்த செம்பை உரித்துப் பார்த்தால் அடியில் இருந்த தகட்டின் கீறல்கள் எல்லாம் அதில் அச்சு அசலாக விழுந்திருப்பதைக் கவனித்து, எழுதியும் வைத்தார். எழுதி வைத்ததோடு சரி. அந்தக் கீறலுக்கு விலை உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை.

தோன்றியது மோரிட்ஸ் ஹெர்மன் யாக்கோபிக்கு. ஜெர்மனியின் போட்ஸ்டாமில் 1801இல் பிறந்தவர். கணக்கு படித்தவர்களுக்கு இவர் தம்பியைத் தெரிந்திருக்கும். 'ஜேக்கோபியன்' என்று மூன்றாம் செமஸ்டரில் நம் உயிரை வாங்கியது அந்தத் தம்பியின் பெயரில் உள்ளதுதான். அண்ணன் எஞ்சினியர். ரஷ்யாவுக்குப் போய், 1838இல் நேவா நதியில் மின்மோட்டார் வைத்துப் படகு ஓட்டிக் காட்டியவர். அதே 1838 அக்டோபரில், தகட்டில் செதுக்கிய உருவத்தை மின்சாரத்தால் செம்பில் நகல் எடுக்கும் முறையை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாதமிக்கு அறிவித்தார். 'கால்வனோபிளாஸ்டிக்' என்று பெயர் வைத்து 1840இல் புத்தகமும் போட்டார். ரஷ்ய அரசு அவருக்குச் சன்மானம் கொடுத்து, முறையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டுவிட்டது. பேட்டன்ட் சண்டையிலேயே பாதி ஆயுளைக் கழித்த அந்த நூற்றாண்டு ஆட்களோடு ஒப்பிட்டால் இது பெரிய மனசுதான்.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி போனது. யாக்கோபியின் செய்தி 1839 மே 4ஆம் தேதி லண்டன் 'அத்தினேயம்' பத்திரிகையில் சுருக்கமாக வந்தது, செய்முறை இல்லாமல். நாலே நாளில் லிவர்பூலைச் சேர்ந்த தாமஸ் ஸ்பென்சர், "நானும் இதைச் செய்து வைத்திருக்கிறேன், கட்டுரை படிக்கப் போகிறேன்" என்று உள்ளூர்ச் சங்கத்தில் அறிவிப்புக் கொடுத்தார். மரச்சிற்பமும் முலாமும் அவர் தொழில். ஆனால் கட்டுரையை அவர் படித்தது செப்டம்பரில். இடையில், லண்டனில் அச்சுத் தொழில் பார்த்த சி. ஜே. ஜோர்டன் என்பவர் மே 22 தேதியிட்டு 'மெக்கானிக்ஸ் மேகஸின்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். முழுச் செய்முறையும் அதில் இருந்தது. ஜூன் 8 இதழில் அச்சாகியும் விட்டது. ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை! பெயரும் புகழும் ஸ்பென்சருக்குப் போனது. பின்னாளில் ஹென்றி டர்க்ஸ் என்பவர் ஜோர்டனுக்காக வாதாடி, 1863இல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்குள் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. என் ஓட்டு ஜோர்டனுக்குத்தான். அச்சகத்தில் நின்று வேலை பார்த்த ஆள், பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டுத் திரும்ப வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கழகத்தில் எழுந்து நின்று கட்டுரை வாசிக்கத் தெரிந்தவர் கண்டுபிடிப்பாளர் ஆனார். நம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் ஆப்பரேட்டர் சொன்ன யோசனை மீட்டிங்கில் யார் பெயரில் வருகிறது என்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் உலோகத்தின் மேல் உலோகம். மெழுகு எங்கே வருகிறது? ஒரு நாணயத்தையோ சிற்பத்தையோ நகல் எடுக்க வேண்டுமானால் முதலில் அதற்கு எதிர் அச்சு வேண்டும். மெழுகைப் போல நுணுக்கம் காட்டும் அச்சுப் பொருள் அன்று வேறு என்ன இருந்தது? ஆனால் மெழுகில் மின்சாரம் ஓடாது. 1840 ஜனவரியில் லண்டனைச் சேர்ந்த ராபர்ட் மர்ரே இதற்கு வழி சொன்னார்: பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டைப் பொடி செய்து, மென்மையான பிரஷ்ஷால் மெழுகின் மேல் பளபளவென்று வரும்வரை தேயுங்கள். அவ்வளவுதான்! கிராஃபைட் மின்கடத்தி, மெழுகில் நன்றாக ஒட்டும், படலமோ மகா மெல்லியது. இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய இந்த யோசனை அடுத்த நூறு வருஷம் அச்சுத் தொழிலைத் தாங்கியது. புத்தகப் பக்கத்தை எழுத்துக் கோத்து, மெழுகில் அழுத்தி, கிராஃபைட் பூசி, தொட்டியில் இறக்கிச் செம்பு ஓடு எடுத்து, பின்பக்கம் ஈயக் கலவை ஊற்றினால் அச்சுத்தகடு தயார். கோத்த ஈய எழுத்துகள் தேயாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இன்னொரு வழியைப் பர்மிங்ஹாமின் அலெக்சாண்டர் பார்க்ஸ் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் 'பார்க்ஸீன்' என்ற முதல் பிளாஸ்டிக்கைச் செய்த அதே பார்க்ஸ். பொருளைப் பாஸ்பரஸ் கரைசலில் நனைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் முக்கினால், பாஸ்பரஸ் வெள்ளியை உலோகமாக இழுத்துப் போட்டுவிடும். மெழுகு அச்சுக் கலவையிலேயே பாஸ்பரஸைக் கலந்தும் செய்தார். இந்த முறையில் பூவுக்கும் இலைக்கும் உலோகம் ஏற்றலாம். ஒரு சிலந்தி வலைக்கு வெள்ளி ஏற்றி, இளவரசர் ஆல்பர்ட்டுக்குக் கொடுத்தார்கள். காற்றில் தீப்பிடிக்கும் பாஸ்பரஸோடு மல்லுக்கட்டி இதைச் செய்த தொழிலாளிகளின் விரல்கள் என்ன கதியாயின என்று எழுதி வைத்தவர் யாருமில்லை.

பார்க்ஸ் வேலை பார்த்தது எல்கிங்டன் கம்பெனியில். தங்கமும் வெள்ளியும் இந்தக் கதைக்குள் வந்தது அங்கேதான். செம்புக்கு மயில்துத்தம் போதும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் எந்தக் கரைசலை எடுத்தாலும் கரி மாதிரி பொடியாகப் படிந்து உதிர்ந்தது. பர்மிங்ஹாமில் ஜான் ரைட் என்ற ஒரு வைத்தியர், ஷீல என்ற பழைய ஸ்வீடன் வேதியியலாளரின் எழுத்தைப் படிக்கும்போது, தங்க, வெள்ளி சயனைடுகள் பொட்டாசியம் சயனைடில் கரையும் என்ற குறிப்பைப் பார்த்து, முயன்று பார்த்தார். கெட்டியான, ஒட்டிய, அழகான படிவு! எல்கிங்டன் சகோதர உறவினர்கள் அதை விலைக்கு வாங்கி 1840 மார்ச்சில் தங்கள் பேட்டன்ட்டில் சேர்த்தார்கள். இன்றுவரை உலகத்தின் பெரும்பாலான தங்க, வெள்ளித் தொட்டிகளில் அடிப்படை அந்தச் சயனைடுதான்.

சரி, சயனைடு கிடைத்துவிட்டது; மெழுகின் மேல் நேரே தங்கத்தை ஏற்றிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் எங்கள் தொழிலின் வயிற்றெரிச்சல் ஆரம்பம். முதல் பிரச்சினை சூடு. பல தங்கத் தொட்டிகள் 50, 60 டிகிரியில்தான் ஒழுங்காக நடக்கும். மெழுகு அங்கே என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தொட்டியைச் சூடாக்காமல் விட்டாலும், மின்சாரம் ஓடுவதே கரைசலைச் சூடேற்றும். உருகுவது ஒரு பக்கம் இருக்கட்டும், உருகுவதற்கு வெகு முன்பே மெழுகு விரிந்துவிடும். உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். மேலே படிந்துகொண்டிருக்கும் மெல்லிய ஓடு விரிசல் விடும், அல்லது உருவம் கோணிக்கொள்ளும். அதனால் தொட்டியைக் குளிர வைக்க வேண்டும், மின்சாரத்தை அடக்கி விட வேண்டும், அவசரப்படக் கூடாது.

இரண்டாவது, சயனைடு கரைசல் காரத்தன்மை உள்ளது. தேன்மெழுகில் கொழுப்பு அமிலங்கள் உண்டு. காரமும் கொழுப்பு அமிலமும் சேர்ந்தால் சோப்பு. அச்சின் மேல்தோல் மெல்லச் சோப்பாகிக் கரைந்தால் கைரேகையாவது ஒன்றாவது. மூன்றாவது, கேட்டால் சிரிப்பீர்கள்: மெழுகு மிதக்கும்! அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு; உப்புக் கரைசலில் கேட்கவே வேண்டாம். கனம் கட்டியோ, கம்பிச் சட்டத்தில் பிணைத்தோதான் உள்ளே நிறுத்த வேண்டும்.

எனவே அனுபவஸ்தர்கள் சுற்றுவழியில் போனார்கள். முதலில் மெழுகின் மேல் அமிலச் செம்புத் தொட்டியில் ஒரு செம்புச் சட்டை. அந்தத் தொட்டி 20, 25 டிகிரியில், சும்மா அறை வெப்பத்தில் வேலை செய்யும், மெழுகைத் தொந்தரவு செய்யாது. சட்டை தன் காலில் நிற்கும் அளவு கனம் வந்த பிறகு விலையுயர்ந்த உலோகத்துக்குப் போகலாம். வெள்ளித் தொட்டிக்கு அவ்வளவு சூடு வேண்டாம் என்பதால் மெழுகோடு மிகவும் ஒத்துப்போன விலையுயர்ந்த உலோகம் வெள்ளிதான்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஃபாரடே 1830களில் போட்ட கணக்குதான். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் வெள்ளி 4.02 கிராம் படியும். சயனைடு கரைசலிலிருந்து தங்கம் 7.35 கிராம். மயில்துத்தத்திலிருந்து செம்பு 1.19 கிராம். உள்ளங்கை அளவு, அதாவது 100 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு ஒரு ஆம்பியர் விட்டால், வெள்ளி மணிக்கு 38 மைக்ரான் கனம் ஏறும். கால் மில்லிமீட்டர் வெள்ளிக்கு ஆறரை மணி நேரம். செம்பு மணிக்கு 13 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் மூன்று நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் கரண்ட் போகக் கூடாது என்பதை நம் மின்வாரியத்தோடு பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யாக்கோபி காலத்தில் மின்வாரியமே கிடையாது, எல்லாம் பாட்டரிதான்.

இத்தனை பாடு எதற்கு? நகைக்காகவும் பொம்மைக்காகவும் மட்டும்தானா? இங்கே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குத் திரும்பிப் போக வேண்டும். அங்கே செயின்ட் ஐசக் பேராலயம் என்று ஒன்று இருக்கிறது, 1858இல் திறக்கப்பட்டது. அதன் பெரிய குவிமாடத்துக்கு 1838 முதல் 1841 வரை தங்கம் பூசினார்கள். சுமார் 100 கிலோ தங்கம். பூசிய முறை பழைய ரசமுலாம்: தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துச் செம்பின் மேல் தடவி, நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் ஒட்டிக்கொள்ளும். ஆவி எங்கே போகும்? பூசுகிறவனின் நெஞ்சுக்குள் போகும். அந்த ஒரு குவிமாடத்துக்காக 60 தொழிலாளர்கள் பாதரச விஷத்தால் செத்துப்போனார்கள் என்று அந்தக் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள்.

அதே கட்டடத்தில், மாடத்தைச் சுற்றி நிற்கும் தேவதைகள் உட்பட ஏராளமான சிலைகள் யாக்கோபியின் முறையில் தொட்டியில் வளர்க்கப்பட்டவை. ஜார் நிக்கோலஸின் மருமகன் லாய்ஷ்டென்பர்க் கோமகன் இதற்காகவே பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு தொழிற்சாலை வைத்திருந்தார். வார்ப்புச் சிலையைவிட உள்ளே கூடான இந்தச் சிலைகள் எடை குறைவு, உயரத்தில் நிறுத்தச் சௌகரியம். ஒரே கோயில், ஒரு முறை ஆளைக் கொன்றது, இன்னொரு முறை கொல்லவில்லை. இடையில் ஐந்தாறு வருஷ வித்தியாசம். அந்த அறுபது பேரில் சிலருக்காவது அந்த வருஷங்கள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜெனீவாவில் அகஸ்ட் டி லா ரீவ் மின்சாரத்தால் தங்கம் பூசும் ஆராய்ச்சியில் இறங்கியதே ரசமுலாம் பூசுகிறவர்களின் கைநடுக்கத்தைப் பார்த்துத்தான். பாரிஸ் அகாதமி அவருக்கும் எல்கிங்டனுக்கும் கொடுத்த பரிசு, தொழில்களில் உள்ள உடல்நலக் கேட்டைக் குறைப்பவர்களுக்கென்று இருந்த பரிசு. முலாம் என்றால் மினுக்கு என்று நினைப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

ஆனாலும் ஒரு விஷத்தின் இடத்தில் இன்னொரு விஷம் வந்து உட்கார்ந்தது உண்மை. சயனைடு தொட்டியில் ஒரு குவளை அமிலம் தவறி விழுந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். கசப்பு பாதாம் வாசனை என்பார்கள். அந்த வாசனையே தெரியாத மூக்குகள் நிறைய உண்டு. அமிலச் செம்புத் தொட்டியும் சயனைடு தங்கத் தொட்டியும் அடுத்தடுத்து இருக்கும் சிறு பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே கழிவுக் கால்வாய்! ஜூனியர்கள் யாராவது முலாம் யூனிட்டுக்கு வேலைக்குப் போனால், முதல் நாள் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் கால்வாய் எங்கே போகிறது என்று பாருங்கள்.

மெழுகும் தங்கமும் மறுபடி சந்தித்தது எடிசன் வீட்டில். 1880களின் கடைசியிலிருந்து பாட்டை மெழுகு உருளையில் பதிவு செய்தார்கள். நகல் எடுப்பதுதான் தலைவலி. பாடகர் மூன்று நான்கு புனல்களுக்கு முன்னால் நின்று பாடினால் மூன்று நான்கு உருளை. திரும்பப் பாடினால் இன்னொரு நான்கு. அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பதிவுப் பாடகரான ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் சிரிப்புப் பாட்டு ஒன்றுக்குப் பெயர் பெற்றவர். ஒரு தடவைக்கு 20 சென்ட் கூலி. நாள் முழுக்க ஒரே பாட்டு, ஒரே சிரிப்பு, ஆயிரக்கணக்கான தடவை. மெழுகு உருளையிலிருந்து ஊசி வைத்து இன்னொரு மெழுகுக்கு நகல் எடுக்கும் கருவியும் இருந்தது. சத்தம் மங்கலாக வரும், மூல உருளையும் சீக்கிரம் தேயும்.

கிராஃபைட் பூசி உலோக அச்சு எடுக்கலாமே? ஒலிக்கோடுகள் அவ்வளவு நுண்ணியவை. பொடியின் சொரசொரப்பே இரைச்சலாகக் கேட்கும். எடிசன் 1888இலேயே ஒரு பேட்டன்ட் விண்ணப்பத்தில் வேறு வழி எழுதியிருந்தார். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடி மூடிக்குள் மெழுகு உருளையைச் சுழல விட்டு, பக்கத்தில் தங்கத் தகடுகளுக்கு இடையே உயர் மின்னழுத்தத்தைப் பாய்ச்சினால் தங்கம் ஆவியாகி மெழுகின் மேல் மூச்சுக்காற்றைப் போலப் படியும். மெழுகு சூடே உணராது. பிறகு செம்புத் தொட்டியில் கனமான ஓடு. குளிர வைத்தால் மெழுகு சுருங்கிக் கழன்றுவரும். உள்சுவரில் தங்கம் பூசிய அச்சு கையில் நிற்கும். யோசனையைத் தொழிற்சாலை வேலையாக மாற்ற வால்டர் மில்லரும் ஜோனாஸ் எய்ல்ஸ்வொர்த்தும் வருஷக்கணக்கில் உழைத்தார்கள். 1902இல் 'கோல்ட் மோல்டட்' உருளைகள் கடைக்கு வந்தன. இன்றைக்கு சிப் தொழிற்சாலைகளில் ஸ்பட்டரிங் என்று கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்வதன் மூதாதை இது.

தரம் உயர்ந்தது, விலை இறங்கியது. ஒரு தடவை பாடினால் போதும் என்றானதும் ஜான்சனுக்கு வேலை குறைந்தது. கடைசிக் காலத்தில், தன்னோடு பழகிய இன்னொரு பதிவுக் கலைஞரான லென் ஸ்பென்சரின் அலுவலகத்தில் வாசல் காக்கும் வேலை பார்த்தார். 1914இல் இறந்தார். மின்வார்ப்பின் சரித்திரத்தில் யாரும் இவர் பெயரை எழுதுவதில்லை; நான் எழுதுகிறேன்.

அதே 1902இல்தான் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலை மெழுகுத் தட்டில் பதிவு செய்தார். மெழுகில் செம்பு வளர்க்க இங்கே தொட்டி கிடையாது. தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய், அங்கே உலோக அச்சாகி, இசைத்தட்டுகளாகத் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகே நம்மவர் பாட்டு நம் நாட்டிலேயே தட்டாக அழுத்தப்பட்டது.

நம் பக்கத்தில் இந்த விஷயத்துக்கு ஒரு வீடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். முலாம், மின்வார்ப்பு, உலோக அரிமானம் எல்லாம் அங்கே ஆராய்ச்சிப் பாடங்கள். அந்தப் பக்கம் ப்ராஜக்ட் செய்ய வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்று கடையில் பெரிதாக, பார்வைக்குக் கனமாக, கையில் எடுத்தால் இறகு போல இருக்கும் சில தங்க நகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு ரகம் இந்தத் தொட்டியில் பிறந்தது. மெழுகு உருவம், அதன் மேல் மின்கடத்தும் வெள்ளிப் பூச்சு, பிறகு செம்பு, பிறகு 14 அல்லது 18 காரட் தங்கக் கலவை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சின்ன ஓட்டை போட்டு மெழுகை உருக்கி வடித்துவிட்டு, நைட்ரிக் அமிலத்தில் செம்பைக் கரைத்தால் தங்க ஓடு மட்டும் மிஞ்சும். நம் ஊரில் 22 காரட் கேட்கும் அம்மாக்களிடம் இது அவ்வளவாகச் செல்லவில்லை. உள்ளே கூடு என்று தெரிந்தால், "விற்கப் போனால் எடைக்குத்தானே காசு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நசுங்கினால் தட்டி எடுப்பதும் கஷ்டம். பற்றவைக்கும் ஆசாரி சுடரைக் கொஞ்சம் தாராளமாகக் காட்டினாலும் மெல்லிய ஓடு சுருண்டுவிடும். வடித்த மெழுகை மட்டும் வடிகட்டி, அடுத்த உருவத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வார்கள்.